உசிலம்பட்டி பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்: காதால் படிப்பது எப்படி?

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வந்து போக தினமும் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் ஆகிறது. வாரம் ஆறு நாள். அந்த நேரத்தில் குரூப் 4 தேர்வுக்கும் கொஞ்சம் இங்கிலீஷுக்கும் இயர்போனில் ஆடியோ கேட்டு வருகிறேன். மூன்று மாதம் ஆகியும் எதுவும் மண்டையில் நிற்கவில்லை. கேட்டே படிக்க முடியுமா, முடியாதா?

பதில்: முடியும். ஆனால் இப்போது நீங்கள் செய்கிற மாதிரி முடியாது. மூன்று மாதம் என்றால், உங்கள் கணக்குப்படி, கிட்டத்தட்ட இருநூறு மணி நேரம். அவ்வளவு நேரம் காதில் ஓடியும் ஒன்றும் தங்கவில்லை என்றால் குறை உங்கள் ஞாபகசக்தியில் இல்லை. ஓடிக்கொண்டே இருந்ததுதான் குறை. ஒரு நடைக்கு எழுபத்தைந்து நிமிடம் கிடைக்கிறது என்றால், அதில் புதிய பாடம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி நேரம் பழையதைத் திரும்பக் கேட்கவும், இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கவும்தான். அந்தக் கழற்றிவிட்ட நேரத்தில்தான் படிப்பே நடக்கிறது.

காரணம் எளிது. புத்தகத்தில் ஒரு வரி புரியாவிட்டால் கண் தானாகவே மேல் வரிக்குப் போய்விடும். காதுக்கு அந்த வசதி இல்லை. கேட்ட ஒலியை அப்படியே பிடித்து வைக்கும் இடம் மூளையில் மிகச் சிறியது, ஏறக்குறைய இரண்டு விநாடிப் பேச்சுக்குத்தான் அது காணும். ஒருவர் போன் நம்பர் சொல்லும்போது நாம் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவது அதனால்தான். அந்த இரண்டு விநாடிக்குள் பொருள் பிடிபடாவிட்டால், அடுத்த வாக்கியம் வந்து முந்தையதை அழித்துவிடும். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்பார், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வழி விடச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான்கைந்து வாக்கியம் போய்விடும். போனதே தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

திரும்பச் சொல்லிப் பார்ப்பதன் பலன் ஆய்வில் பலமுறை உறுதியானது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகவே எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோதோ, படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திக்கொண்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்பதும் திரும்பத் திரும்பப் படிப்பதைப் போலத்தான். பழகிப்போன குரல், பழகிப்போன வாக்கியம், எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். வினாத்தாளைப் பார்த்தால்தான் தெரியவில்லை என்று தெரியும்.

சரி, உங்கள் வழித்தடத்தையே எடுத்துக்கொள்வோம். உசிலம்பட்டியில் ஏறி, சீட் பிடித்து, டிக்கெட் வாங்கும்வரை எதையும் போடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் போட்ட பாடம் வீண். டிக்கெட் கைக்கு வந்ததும் நேற்றைய பாடத்தின் கேள்விகளை (இவற்றைப் பதிவது எப்படி என்று கீழே சொல்கிறேன்) ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அதன் பிறகு புதிய துண்டு: ஆறு அல்லது ஏழு நிமிடம். முடிந்ததும் நிறுத்தி, அதையே இன்னொரு முறை. செக்கானூரணி நெருங்கும்போது இரண்டு தடவை கேட்டு முடித்திருப்பீர்கள். அங்கே கூட்டம் ஏறும், இறங்கும், பஸ்ஸும் கொஞ்சம் நிற்கும். இயர்போனைக் கழற்றுங்கள். கேட்டதில் ஐந்து விஷயத்தை விரல் விட்டு எண்ணிச் சொல்லிப் பாருங்கள், வாய் அசைந்தால் போதும். மூன்றுதான் வருகிறதா? மீதி இரண்டு என்னவாக இருக்கும் என்று அரை நிமிடமாவது தடுமாறுங்கள். உடனே பிளே பட்டனை அமுக்கினால் பாதிப் பலன் போய்விடும். தடுமாறிவிட்டுக் கேட்கிற பதில்தான் ஒட்டும்.

பல்கலை நகர் தாண்டி நாகமலை புதுக்கோட்டை வந்துவிட்டால் இனி ஹாரன் சத்தமும் பிரேக்கும்தான். விராட்டிபத்திலிருந்து காளவாசல்வரை புதிய பாடம் கேட்பது நடக்காத காரியம். அந்த இருபது நிமிடத்துக்குப் போன வாரம், போன மாதம் கேட்ட பழைய துண்டுகள் பொருத்தம். நடுவில் ஒரு வரி ஹாரனில் மூழ்கினாலும் மனம் நிரப்பிக்கொள்ளும், அதுவே ஒரு சோதனை. காளவாசலில் மறுபடி கழற்றுங்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி நடக்கும்போது போனைக் காதில் வைத்து, அன்றைய பாடத்தை முப்பது விநாடி வாய்விட்டுச் சொல்லி ரெக்கார்டரில் பதியுங்கள். பார்க்கிறவர்கள் யாரிடமோ பேசுகிறீர்கள் என்று நினைப்பார்கள். அந்தப் பதிவு இராத்திரி புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க உதவும்.

சாயங்காலம் திரும்பும்போது புதியது எதுவும் வேண்டாம். காலையில் கேட்டதன் கேள்விகள் ஒரு தடவை, அவ்வளவுதான். உடம்பு அசந்திருந்தால் தூங்குங்கள். தூங்கும்போது காதில் ஓடுவது தானாக ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் போனில் எஃப்.எம். இருந்தால் கோடைப் பண்பலை 100.5-ஐ வைத்துக்கொண்டு வரலாம். இயர்போன் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா என்பதால் ஒயர் உள்ள இயர்போன் வேண்டும்.

இனி எதைக் கேட்பது. காதால் படிக்க எல்லாப் பாடமும் ஒத்துவராது. வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரக் கருத்துகள், உயிரியல், திருக்குறள், மொழிப் பேச்சு ஆகியவை ஒத்துவரும். திறனறிவுக் கணக்கு, வரைபடம், அட்டவணை, கணக்குப் பதிவியல் எல்லாம் கண்ணும் பேப்பரும் கேட்பவை. தமிழ்ப் பகுதியில் பாதிக்குத்தான் காது உதவும். வலி, வளி, வழி மூன்றையும், அரம், அறம் இரண்டையும் பல ஆடியோக்களில் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்கள். பொருள் வேறுபாடு கேட்கிற வினாவுக்கு அது குழியில் தள்ளிவிடும். பிரித்து எழுதுவதும் சேர்த்து எழுதுவதும் கண்ணால் பார்த்தே பழக வேண்டியவை.

அதைவிடப் பெரிய ஆபத்து பழைய பதிவுகள். இணையத்தில் கிடைக்கும் பொது அறிவு ஆடியோக்களில் பல, எப்போதோ பதிந்து வைத்தவை. தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று சொல்கிற பதிவு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2019-இல் ஐந்து மாவட்டங்களும் 2020-இல் மயிலாடுதுறையும் புதிதாக வந்து இப்போது 38. அடிப்படை உரிமைகள் ஏழு என்று ஒரு குரல் சொல்லும், இன்னொரு குரல் ஆறு என்று சொல்லும். முதலில் ஏழுதான் இருந்தன. சொத்துரிமையை 1978-இல் 44-ஆவது திருத்தம் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதால் இப்போது ஆறு. இந்த மாதிரி முரண்பாட்டை ஓடுகிற பஸ்ஸில் சரிபார்க்க முடியாது. அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முந்தின நாள் இராத்திரி ஐந்து நிமிடமாவது புத்தகத்தில் கண் பட்ட பாடத்தைத்தான் மறுநாள் காலையில் காது கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரையான அரசுப் பாடநூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கண் முதலில், காது பிறகு.

தன்னம்பிக்கைப் பேச்சுகளையும் செய்தி விவாதங்களையும் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். கேட்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும், இறங்கியதும் சொல்ல ஒன்றும் இருக்காது.

தேர்வுக்கு மிகச் சிறந்த ஆடியோ நீங்களே பதிவதுதான். கடினமான வேலை இல்லை. பாடநூலில் இரண்டு மூன்று பக்கத்தை எடுத்துக்கொண்டால் நிதானமாக வாசிக்க ஆறேழு நிமிடம் ஆகும். அது ஒரு துண்டு. அதே பக்கங்களிலிருந்து 24 கேள்வி எழுதுங்கள். கேள்வியைப் படித்து, ஐந்து விநாடி மௌனம் விட்டு, பதிலைச் சொல்லி, ஒரு விநாடி விட்டு அடுத்த கேள்வி. ஒன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து விநாடி, 24 கேள்விக்கு ஆறு நிமிடம். அந்த ஐந்து விநாடி மௌனத்தை யாரும் விடுவதில்லை. அதை விடாத கேள்வி பதில் ஆடியோ, விடையைப் பக்கத்திலேயே அச்சடித்த வினாத்தாள் மாதிரி.

எண்கள் வரும் பாடத்தில் ஒரு துண்டுக்கு மூன்று எண்ணுக்கு மேல் வைக்காதீர்கள். 14 முதல் 18 வரையான சட்டப்பிரிவுகளை வரிசையாக ஒப்பித்துப் பதிந்தால் காதுக்கு அது ஒரே ஓசைதான். தீண்டாமை ஒழிப்பு 17 என்பதை ஒரு சிறு நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு டீக்கடையில் தனித் தம்ளர் வைத்தால் எந்தப் பிரிவு மீறப்படுகிறது என்று கேள்வியைப் போடுங்கள். அப்போது எண் தனியாக மிதக்காது.

திருக்குறளுக்கு முறை வேறு. குறளின் முதல் அடியை மட்டும் சொல்லி ஆறு விநாடி விடுங்கள், பிறகு இரண்டாம் அடி. பத்துக் குறளும் மூன்று நிமிடத்துக்குள் முடியும். வாரத்துக்கு மூன்று அதிகாரம் என்றால் 133 அதிகாரத்தையும் ஒரு வருடத்துக்குள் முடித்துவிடலாம். தேர்வுப் பாடத்திட்டத்தில் குறிப்பிட்டிருக்கும் அதிகாரங்களை முதலில் பதிந்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். அந்த இரைச்சல் வீட்டில் கேட்கும்போது தெரியாது, பஸ் இரைச்சலோடு சேரும்போது குரலைத் தின்றுவிடும். துணி அடைத்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்து உட்கார்ந்து பேசினால் எதிரொலி குறையும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதிப் ‘பொத்’ என்று கேட்கும். ஆடி மாதத்தில் தெருக்கோயில் குழாய் ஸ்பீக்கர் ஓயும்வரை இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, கம்ப்ரஸர். நாம் வாசிக்கும்போது வாக்கியத்தின் தொடக்கம் உரக்கவும் கடைசிச் சொல் தணிந்தும் வரும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது; ‘செய்தது’, ‘செய்யவில்லை’ என்ற வித்தியாசமே அந்தத் தணிந்த சொல்லில் இருக்கிறது. கம்ப்ரஸர் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். இரண்டாவது, எல்லாக் கோப்புகளையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னஸ் நார்மலைசேஷன். இது இல்லாவிட்டால் சன்னமான கோப்புக்காக ஒலியைக் கூட்டிவைப்பீர்கள், அடுத்த கோப்பு காதில் அறையும். மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும்படி, 64 கேபிபிஎஸ் எம்பி3-ஆகச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி போல வரும், ஆறு நிமிடத் துண்டு 3 எம்பிக்குள் அடங்கும். பேச்சுக்கு அதற்கு மேல் தரம் தேவையில்லை.

வாசிக்க நேரமில்லை என்றால் ஆண்ட்ராய்டு போனில் உள்ள தமிழ்க் குரலையே வாசிக்க விடலாம். எழுத்தை வாசித்து ஆடியோ கோப்பாகச் சேமித்துத் தரும் செயலிகளும் உண்டு. இதில் சிக்கல்கள் மூன்று. பிடிஎஃப் பாடநூலிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் பல நேரம் குப்பையாக வரும். அந்தப் பக்கங்கள் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை என்பதே காரணம், எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். அட்டவணைகளை இயந்திரம் குறுக்காக வாசித்து ஒன்றோடொன்று குழப்பும், அவற்றை வாக்கியமாக மாற்றி எழுதுங்கள். ‘1857-58’ போன்ற கோடு போட்ட எண்களையும் கி.பி., கி.மு. போன்ற சுருக்கங்களையும் விரித்து எழுதுங்கள். நீண்ட வாக்கியத்தை இரண்டாக வெட்டி முற்றுப்புள்ளி வைத்தால்தான் இயந்திரம் மூச்சு விடும்.

பழைய இலக்கியம் கேட்க ஆசை இருந்தால் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இலவசம். 1998 பொங்கலில் தொடங்கியது. பெயரில்தான் மதுரை, வேலை செய்கிற தன்னார்வலர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். உரைநடை நூல்கள் இயந்திரக் குரலில் ஓரளவு நன்றாகவே வரும். செய்யுளை மட்டும் அந்தக் குரலிடம் கொடுக்காதீர்கள். சீர் பிரித்து அச்சிட்ட வரிகளை அது சொல்லை உடைத்து வாசிக்கும்.

போனில் எந்தச் செயலியில் கேட்பது என்பதும் முக்கியம். யூடியூபை இலவசமாக வைத்திருப்பவர்களுக்குத் திரை அணைந்தால் ஒலியும் நின்றுவிடும். திரையை எரியவிட்டால் பேட்டரியும் டேட்டாவும் போகும், விரல் பட்டு வீடியோ மாறும், அடுத்து வரும் சினிமாத் துண்டில் மனம் போகும். பாட்டுக் கேட்கும் செயலிகளும் உதவாது, விட்ட இடத்தை அவற்றில் பல நினைவு வைத்துக்கொள்ளாது. வி.எல்.சி. அல்லது ஆன்டெனாபாட் போதும், இரண்டும் இலவசம், விளம்பரம் இல்லாதவை. பத்து விநாடி பின்னால் போகும் வசதியும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இரண்டிலும் உண்டு. எல்லாக் கோப்புகளையும் முந்தின இராத்திரி வீட்டிலேயே இறக்கிவைத்துவிடுங்கள். வழியில் சிக்னல் வரும் போகும் என்று காத்திருப்பதில் பாடத்தின் இழை அறுந்துவிடும்.

கோப்புப் பெயர் 01, 02, 03 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கட்டும். வெறும் 1, 2 என்று வைத்தால் சில செயலிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். போனில் நான்கு அடைவுகள் வையுங்கள்: இன்று, நேற்று, வாரம், மாதம். அன்றைய துண்டு மறுநாள் ‘நேற்று’க்குப் போகும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேட்க ‘வாரம்’, அதிலிருந்து மூன்று வாரம் கழித்து ‘மாதம்’. மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதை ஜெர்மானியரான எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். 1967-இல் பிம்ஸ்லர் என்ற மொழியாசிரியர் அதை இடைவெளிக் கணக்காகவே மாற்றினார்: ஒரு சொல்லை ஐந்து விநாடி கழித்து, பிறகு 25 விநாடி, இரண்டு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி, ஐந்து மணி, ஒரு நாள், ஐந்து நாள், 25 நாள் என்று விரித்துக்கொண்டே போக வேண்டும். அதை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. காலையில் போய் மாலையில் திரும்பும் பஸ் பயணம் அந்த இடைவெளிகளில் பலவற்றைத் தானாகவே தந்துவிடுகிறது.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்பவர்கள் உண்டு. தெரிந்த பாடத்தைத் திருப்பிப் பார்க்க அது சரி. புதிய பாடத்தைப் பஸ் இரைச்சலில் இயல்பான வேகத்தில்தான் கேட்க வேண்டும்.

இங்கிலீஷுக்கு வருவோம். இதில் பஸ்ஸைப் பொறுத்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதுகு (back), பை (bag), மூட்டை கட்டுதல் (pack) ஆகியவற்றுக்கான மூன்று இங்கிலீஷ் சொற்களையும் நாம் தமிழில் ‘பேக்’ என்றே எழுதுகிறோம். அவற்றைப் பிரித்துக் காட்டுவது குரல் நாண் அதிர்வு; அது தாழ்ந்த ஒலி. பஸ் என்ஜினின் உறுமலும் அதே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது, அதனால் முழுகிப்போகும். ஸ், ஃப் போன்ற காற்றொலிகள் உயர்ந்த பகுதியில் இருப்பவை. ஜன்னல் காற்றும் மலிவான இயர்போனும் அவற்றை விழுங்கிவிடும். ஆகவே புதிய இங்கிலீஷ் ஒலிகளை அமைதியான வீட்டில், எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கேளுங்கள். பஸ்ஸில் அதையே பழகுங்கள்.

ஒரு நிமிடத் துண்டு போதும். பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் பிரிவு ஆறு நிமிட உரையாடல்களை எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. அதில் ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதும் அதையே கேளுங்கள். முதல் நாள் வெறுமனே. இரண்டாம் நாள் எழுத்தைப் பார்த்து. மூன்றாம் நாளிலிருந்து பேசுகிறவரின் பின்னாலேயே, அரை விநாடி தள்ளி, உதடு மட்டும் அசைத்து நிழல் போலத் தொடருங்கள். சனிக்கிழமை அந்த ஒரு நிமிடம் இயர்போன் இல்லாமலே வாயில் வர வேண்டும். வாரத்துக்கு ஒரு நிமிடமா என்று தோன்றும். மூன்று மாதத்தில் பதின்மூன்று நிமிடப் பேச்சு நாக்கில் நிற்கும். போடி, கம்பம் பக்கம் ஏலக்காய் வியாபாரத்தில் இருப்பவர்கள் மலையாளத்துக்கும் இதே முறையைக் கையாளலாம். பாதிச் சொல் தெரிந்ததாகவே இருப்பதால் வாரத்துக்கு மூன்று நிமிடம்வரை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 85 டெசிபெல்லில் பன்னிரண்டரை மணி நேரம், 90-இல் வெறும் நான்கு மணி நேரம். உங்கள் பயணம் வாரத்துக்கு 15 மணி நேரம். பஸ் இரைச்சலை ஜெயிக்க ஒலியைக் கூட்டினால் 85-ஐத் தொடுவது சுலபம், அப்போதே நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டரை மணி நேரமும் இயர்போனை மாட்டிக்கொண்டே இருக்க வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

ஒலியைக் கூட்டாமல் தெளிவைக் கூட்ட வழிகள் உண்டு. காதுத் துளையை மூடும் சிலிக்கான் முனை உள்ள இயர்போனை வாங்குங்கள். மூன்று அளவு முனைகள் தருவார்கள், காதுக்குப் பொருந்துவதை மாட்டினாலே வெளிச் சத்தம் கணிசமாகக் குறையும். பொருந்தாத முனையோடு விலை உயர்ந்த இயர்போன் இருந்தும் பயனில்லை. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் தாழ்ந்த பகுதியைக் குறைத்து, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியைச் சற்று ஏற்றுங்கள், மெய்யெழுத்துகள் அங்கேதான் துலங்கும். பாட்டுக்காக ‘பேஸ்’ ஏற்றி வைத்திருந்தால் அதை முதலில் எடுங்கள். ஒரு காதில் மட்டும் மாட்டுவதானால் போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோவை இயக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேர் பேசும் பதிவில் ஒருவர் குரலே கேட்காமல் போகலாம்.

சீட்டும் ஒரு விஷயம். முன்னால் என்ஜின் உள்ள பஸ்ஸில் டிரைவர் பக்கம் உட்காராதீர்கள். கடைசி சீட்டிலும் பின் டயருக்கு மேலே உள்ள சீட்டிலும் குலுக்கல் அதிகம், முனை காதில் நிற்காது. முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவில், இடது பக்கம் நல்லது. வலது பக்க ஜன்னலில் எதிரே வரும் லாரிகளின் ஹாரன் நேராக அடிக்கும். தனியார் பஸ் என்றால் ஏறும்போதே தலைக்கு மேல் ஸ்பீக்கர் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டுச் சத்தத்தோடு போட்டி போட்டுப் படிக்க முடியாது. அன்றைக்கு இயர்போனை எடுக்காமல் பழையதை நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கிற நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நின்றுகொண்டு போகிற நாளில் ஒரு கை கம்பியில். இயர்போன் ஒயரில் உள்ள பட்டனை ஒரு தடவை அமுக்கினால் நிற்கும், மறுபடி அமுக்கினால் ஓடும். அது தெரிந்தால் போனை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒயர் சட்டைக்குள் போகட்டும், வெளியே தொங்கினால் இறங்குகிறவர் பையில் மாட்டி அறுந்துவிடும். ஒயர் இல்லாத குட்டி இயர்பட்ஸ் கூட்ட பஸ்ஸுக்கு ஏற்றதில்லை, ஒன்று விழுந்து சீட்டுக்கு அடியில் உருண்டால் போனதுதான். கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் பரவாயில்லை. சித்திரை வெயிலில் வியர்வையும் அழுக்கும் முனையில் சேரும். வாரம் ஒருமுறை முனைகளைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈர முனை காதில் பூஞ்சை வர வழி. இறங்கிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால் அன்று ஒலி அதிகம் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அது அடிக்கடி வந்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

பஸ் நிறுத்தம்வரை பைக்கில் வருகிறவராக இருந்தால், வண்டி ஓட்டும்போது இயர்போன் கூடவே கூடாது. ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மட்டும் என்பதும் கூடாது. பின்னால் வரும் லாரியின் சத்தம் கேட்காது என்பது ஒரு பக்கம். பாடத்தைப் பின்தொடரும் மனம் ரோட்டில் இருக்காது என்பது இன்னொரு பக்கம். வண்டியை நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஏறிய பிறகு தொடங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த வாரக் கேள்விகளில் கலந்து இருபதை எடுத்து, பேப்பரில் பதில் எழுதுங்கள். பதினாறுக்கு மேல் வந்தால் அடுத்த வாரம் புதிய பாடத்தை இரண்டு நிமிடம் கூட்டலாம். பன்னிரண்டுக்குக் கீழே என்றால் அடுத்த வாரம் புதியதே வேண்டாம், அதே வாரத்தைத் திரும்ப ஓட்டுங்கள். இடையில் வந்தால் அப்படியே தொடருங்கள். தவறிய கேள்விகளை மட்டும் தனியாக ஒரு கோப்பாகப் பதிந்து ‘நேற்று’ அடைவில் போடுங்கள். அந்தக் கோப்பு அலுப்பூட்டும், ஆனால் உங்கள் தேர்வுக்கு அதைவிடப் பொருத்தமான ஆடியோவை வேறு யாரும் தயாரித்துத் தர முடியாது.

பொங்கல், தீபாவளி என்று நான்கைந்து நாள் பஸ் ஏறாத சமயம் வரும். பஸ்ஸோடு கட்டிய பழக்கம் பஸ் இல்லாத நாளில் அறுந்துவிடும், வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம் என்ற திட்டம் பெரும்பாலும் நடப்பதில்லை. லீவு முடிந்து ஏறும் முதல் இரண்டு நாளும் ‘வாரம்’ அடைவை மட்டும் ஓட்டுங்கள். புதிய துண்டை மூன்றாம் நாள், டிக்கெட் வாங்கிய பிறகு.